ஏப்ரல்–மார்ச் நிதியாண்டில் ஜனவரி–டிசம்பர் வருமானம்: தனிநபர் வரிக் கணக்குத் தாக்கல் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தியாவில் வரி கட்டுகிற, ஆனால் அமெரிக்கா போன்ற நாட்காட்டி ஆண்டு நாட்டிலிருந்தும் சம்பளம், டிவிடெண்ட், வட்டி, பங்கு விற்பனை லாபம் வருகிற தனிநபர்களுக்கான பக்கம் இது. எடுத்துக்காட்டுகள் 2024-25 நிதியாண்டை, அதாவது 2025-26 மதிப்பீட்டு ஆண்டை வைத்து எழுதப்பட்டுள்ளன. அடுத்த ஆண்டுக்குப் பார்ப்பவர்கள் எல்லாத் தேதிகளிலும் ஓராண்டைக் கூட்டிக்கொள்ளலாம்.

வெளிநாட்டிலிருந்து வரும் ஆண்டுச் சான்றில் உள்ள தொகையை அப்படியே இந்திய ரிட்டர்னில் போடலாமா?

கூடாது. அந்தச் சான்று ஜனவரி முதல் டிசம்பர் வரை பேசுகிறது. உங்கள் ரிட்டர்ன் ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை கேட்கிறது. இரண்டுக்கும் பொதுவானவை ஒன்பது மாதங்கள்தான். டபிள்யூ-2 (சம்பளம்), 1099 (வட்டி, டிவிடெண்ட், விற்பனை), 1042-எஸ் (அமெரிக்காவில் வசிக்காதவர் பெற்ற வருமானமும் பிடித்தமும்) ஆகிய அமெரிக்கச் சான்றுகளில் மாதவாரிப் பிரிப்பு பொதுவாக இருக்காது. ஆகவே ஆண்டுச் சான்றை ஒரு சரிபார்ப்புத் தாளாக மட்டும் வைத்துக்கொண்டு, மாதச் சம்பளச் சீட்டுகளையும் புரோக்கரின் மாத அறிக்கைகளையும் கொண்டு தேதி வாரியாகக் கணக்கைக் கட்டவேண்டும். இந்தப் பக்கத்தில் உள்ள மற்ற எல்லாப் பதில்களும் இந்த ஒரு வேலையிலிருந்து வருபவை.

இதில் ஒரு சிக்கலும் உண்டு. ஒரே ரிட்டர்னுக்குள் மூன்று காலக்கணக்குகள் ஓடுகின்றன. வருமானத்தைக் காட்டும் ஷெட்யூல் எஃப்எஸ்ஐ-யும், வரிக் கழிவைக் காட்டும் ஷெட்யூல் டிஆர்-உம் ஏப்ரல்–மார்ச். வெளிநாட்டுச் சொத்துகளைக் காட்டும் ஷெட்யூல் எஃப்ஏ ஜனவரி–டிசம்பர். மொத்த வருமானம் ஒரு கோடி ரூபாயைத் தாண்டினால் நிரப்பவேண்டிய ஷெட்யூல் ஏஎல் எனும் சொத்து–கடன் பட்டியல், மார்ச் 31 அன்றைய நிலை. நோட்டீஸ் வாங்குகிறவர்களில் பலர் வருமானத்தை மறைத்தவர்கள் அல்லர். இந்த மூன்றையும் ஒன்றாக எண்ணி நிரப்பியவர்கள்.

நாட்காட்டி ஆண்டையே என் இந்தியக் கணக்காண்டாக வைத்துக்கொள்ள முடியாதா?

ஒரு காலத்தில் முடிந்தது. தீபாவளிக் கணக்கு, நாட்காட்டி ஆண்டு என்று வரி கட்டுபவர்கள் தங்கள் கணக்காண்டைத் தேர்ந்துகொள்ள 1961-ஆம் ஆண்டுச் சட்டம் முன்பு இடம் தந்திருந்தது. 1989-90 மதிப்பீட்டு ஆண்டு முதல் எல்லோருக்கும் மார்ச் 31-இல் முடியும் ஒரே ஆண்டு என்றாகிவிட்டது. 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்துள்ள 2025-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம் முந்தைய ஆண்டு, மதிப்பீட்டு ஆண்டு என்ற இரட்டைப் பெயர்களை எடுத்துவிட்டு ‘வரி ஆண்டு’ என்ற ஒன்றைக் கொண்டுவந்திருக்கிறது. அதுவும் ஏப்ரலில்தான் தொடங்குகிறது. 2025-26 நிதியாண்டு வருமானத்துக்கான ரிட்டர்ன் இன்னும் பழைய சட்டத்தின் கீழ்தான்.

வெளிநாட்டு வருமானத்தை இந்தியாவில் காட்டவேண்டியவர் யார்?

ஆர்ஓஆர் எனப்படும் முழு ரெசிடென்ட். என்ஆர்ஐ-யும், ஆர்என்ஓஆர் எனப்படும் இடைநிலை ரெசிடென்டும், பொதுவாக, வெளிநாட்டில் ஈட்டி அங்கேயே பெற்ற வருமானத்துக்கு இங்கே வரி கட்டவேண்டியதில்லை. ஷெட்யூல் எஃப்ஏ-வும் அவர்களுக்கில்லை. எந்த வகை என்பதை நாட்கள் தீர்மானிக்கின்றன, அந்த நாட்களும் ஏப்ரல்–மார்ச்சுக்குள் எண்ணப்படுகின்றன.

அடிப்படை விதி 182 நாள். அந்த ஆண்டில் 60 நாளும் முந்தைய நான்கு ஆண்டுகளில் 365 நாளும் இருந்தாலும் ரெசிடென்ட் ஆகலாம். ஆனால் வேலைக்காக வெளிநாடு புறப்படும் இந்தியக் குடிமகனுக்கு இந்த 60 என்பது 182 ஆகிவிடும். ஊருக்கு விடுமுறையில் வந்துபோகும் குடிமகனுக்கும் 182-தான். இந்திய வருமானம் 15 லட்சம் ரூபாயைத் தாண்டினால் மட்டும் 120.

இதைத் தேதியாக மாற்றிப் பார்த்தால் திட்டமிட எளிது. லீப் அல்லாத ஆண்டில், ஏப்ரலிலிருந்து இந்தியா பக்கமே வராதவர் அக்டோபர் 1 அன்று வந்து இறங்கி மார்ச் 31 வரை இருந்தால் சரியாக 182 நாள். அக்டோபர் 2 அன்று வந்தால் 181. அதேபோல ஏப்ரல் 1 முதல் இந்தியாவில் இருந்து செப்டம்பர் 28 அன்று வேலைக்காகப் புறப்படுபவருக்குப் புறப்படும் நாளையும் சேர்த்து 181. 29 அன்று புறப்பட்டால் 182. நடுவில் ஒரு வாரம் கல்யாணத்துக்கு வந்துபோனால் அந்த நாட்களும் கூடும். பாஸ்போர்ட்டில் உள்ள முத்திரைகளைப் பார்த்து எண்ணுங்கள், நினைவை நம்பவேண்டாம்.

நிரந்தரமாகத் திரும்பி வருகிறவர் தன்னை ‘விடுமுறைக்கு வந்தவர்’ என்று சொல்லிக்கொள்ள முடியாது. அவருக்கு 60 நாள் விதியையும் பார்க்கவேண்டும். முந்தைய நான்கு ஆண்டு வருகைகளைக் கூட்டி 365-க்குக் கீழே இருந்தால் அது பாதிக்காது.

ரெசிடென்ட் ஆகிவிட்டாலும், முந்தைய 10 ஆண்டுகளில் 9 ஆண்டுகள் என்ஆர்ஐ-ஆக இருந்தவரும், முந்தைய 7 ஆண்டுகளில் மொத்தம் 729 நாள் அல்லது அதற்குக் குறைவாக இந்தியாவில் இருந்தவரும் ஆர்என்ஓஆர். நீண்டகாலம் வெளியே இருந்து திரும்புகிறவர்களுக்கு இது பெரும்பாலும் இரண்டு மூன்று நிதியாண்டுகள் கிடைக்கிறது. வெளிநாட்டுப் பங்குகளை விற்கும் எண்ணம் இருந்தால் அந்த இடைவெளிக்குள் விற்பதா என்பதை வந்த முதல் மாதத்திலேயே யோசிக்கவேண்டும்.

அமெரிக்கப் பங்கின் டிவிடெண்டை எப்படிப் பிரிப்பது? ஓர் எண்ணிக்கையோடு காட்ட முடியுமா?

காலாண்டுக்கு ஒருமுறை டிவிடெண்ட் தரும் ஒரு பங்கை எடுத்துக்கொள்வோம். 2024 மார்ச்சில் 60 டாலர், ஜூனில் 60, செப்டம்பரில் 60, டிசம்பரில் 66, 2025 மார்ச்சில் 66. தான் அமெரிக்கவாசி அல்ல என்று அறிவிக்கும் டபிள்யூ-8பென் படிவத்தைப் புரோக்கருக்குக் கொடுத்திருக்கும் இந்தியவாசிக்கு இந்திய–அமெரிக்க ஒப்பந்தப்படி 25 சதவீதம் பிடித்தம்.

2024-க்கான 1042-எஸ் காட்டுவது: 60+60+60+66 = 246 டாலர், பிடித்தம் 61.50.

2024-25 நிதியாண்டுக்கு வேண்டியது: 60+60+66+66 = 252 டாலர், பிடித்தம் 63.

ஷெட்யூல் எஃப்எஸ்ஐ-யிலும், வெளிநாட்டு வரிக் கழிவைக் கோரும் ஃபார்ம் 67-இலும் 252-உம் 63-உம் வரும். அதே ரிட்டர்னின் ஷெட்யூல் எஃப்ஏ-வில் அந்தப் பங்கிலிருந்து கிடைத்த தொகையாக 246 வரும். இரண்டு இடத்தில் இரண்டு எண் இருப்பதைப் பார்த்துப் பயந்துபோய் ஒன்றாக்கிவிடாதீர்கள். அப்படி வேறாக இருப்பதுதான் சரி. எந்த எண் எந்த மாதங்களிலிருந்து வந்தது என்று ஒரு தாளில் எழுதி ரிட்டர்ன் கோப்போடு வைத்துவிட்டால் பின்னால் கேள்வி வரும்போது ஐந்து நிமிட வேலை.

இன்னொன்று. 2025 மார்ச்சில் வந்த 66 டாலருக்கான 1042-எஸ், 2026 மார்ச் வாக்கில்தான் கைக்கு வரும். 2025 ஜூலையில் ரிட்டர்ன் போடும்போது அதற்கு ஆதாரம் புரோக்கரின் மார்ச் மாத அறிக்கை மட்டுமே. ஜனவரி, பிப்ரவரி, மார்ச் மாத அறிக்கைகளை அப்போதே இறக்கி வையுங்கள்.

வங்கிக்கு வந்துசேர்ந்த 45 டாலரை மட்டும் காட்டுவது அடிக்கடி நடக்கும் தவறு. வருமானம் பிடித்தத்துக்கு முந்தைய 60. பிடித்த 15 டாலர் வரிக் கழிவாக வேறிடத்தில் வருகிறது.

டாலரை எந்த நாள் விலையில் ரூபாயாக்குவது?

வருமான வரி விதி 115. ஸ்டேட் வங்கியின் டிடி (டெலிகிராஃபிக் டிரான்ஸ்ஃபர்) பையிங் விலை, அதாவது வங்கி டாலரை வாங்கும் விலைதான் அளவுகோல். கூகுள் காட்டும் விலை, ரிசர்வ் வங்கியின் குறிப்பு விலை, உங்கள் வங்கி உங்களுக்குத் தந்த விலை இவை எதுவும் அல்ல. எந்த நாள் என்பது வருமானத்தின் வகையைப் பொறுத்தது.

சம்பளம்: அது தரவேண்டியதான அல்லது தரப்பட்ட மாதத்துக்கு முந்தைய மாதத்தின் கடைசி நாள். டிவிடெண்ட்: அறிவிக்கப்பட்ட, பகிரப்பட்ட அல்லது தரப்பட்ட மாதத்துக்கு முந்தைய மாதத்தின் கடைசி நாள். மூலதன ஆதாயம்: விற்ற மாதத்துக்கு முந்தைய மாதத்தின் கடைசி நாள். வெளிநாட்டு வங்கிச் சேமிப்பு வட்டி, வீட்டு வாடகை: நிதியாண்டின் கடைசி நாள், மார்ச் 31. அதாவது வங்கி வட்டிக்கு ஆண்டு முழுவதற்கும் ஒரே விலை போதும். டிவிடெண்டுக்கு ஒவ்வொரு தேதிக்கும் தனி விலை தேடவேண்டும்.

ஃபார்ம் 67-இல் வரியை மாற்றுவதற்கு விதி 128: வரி கட்டப்பட்ட அல்லது பிடிக்கப்பட்ட மாதத்துக்கு முந்தைய மாதத்தின் கடைசி நாள். டிவிடெண்டில் வரியும் அன்றே பிடிக்கப்படுவதால் இரண்டுக்கும் ஒரே விலை வரும். சம்பளத்தில் அமெரிக்க ரிட்டர்னோடு சேர்த்து ஏப்ரலில் மீதி வரி கட்டியிருந்தால் அந்தத் தொகைக்கு மார்ச் 31 விலை.

அந்தக் கடைசி நாள் ஞாயிறோ விடுமுறையோ என்றால் அதற்கு முந்தைய வேலைநாளின் விலையை எடுப்பது வழக்கம். ஸ்டேட் வங்கி அன்றன்றைய விலைப்பட்டியலை வெளியிடுகிறது, ஆனால் பழைய நாட்களின் பட்டியலைத் தேடுவது எளிதல்ல. ஒவ்வொரு மாதக் கடைசி நாளின் தாளையும் சேமித்துவைத்தால் ஆண்டுக்குப் பன்னிரண்டு தாள்களில் வேலை முடிந்துவிடும்.

அங்கே கட்டிய வரி முழுவதும் இங்கே கழியுமா?

அந்த வருமானத்துக்கு இந்தியாவில் வரும் வரி, வெளிநாட்டில் கட்டிய வரி, இரண்டில் குறைந்தது எதுவோ அதுவே கழியும். மேலே சொன்ன ஜூன் டிவிடெண்டை எடுத்துக்கொள்ளுங்கள். மே 31 விலை கணக்குக்காக 83 ரூபாய் என்று வைத்தால் வருமானம் ரூ.4,980, அமெரிக்கப் பிடித்தம் ரூ.1,245. 30 சதவீத வரம்பில் இருப்பவருக்கு செஸ் சேர்த்து 31.2 சதவீதம், ரூ.1,554. பிடித்தம் முழுவதும் கழிந்து இங்கே ரூ.309 கட்டவேண்டும். 20 சதவீத வரம்பில் இருப்பவருக்கு 20.8 சதவீதம், ரூ.1,036. அவ்வளவுதான் கழியும், மீதி ரூ.209 திரும்பவும் வராது, அடுத்த ஆண்டுக்கும் போகாது.

இந்தக் கணக்கு ஒவ்வொரு நாட்டுக்கும், ஒவ்வொரு வருமான வகைக்கும் தனித்தனியாகப் போடவேண்டும். ஒன்றின் மிச்சத்தை இன்னொன்றில் சேர்க்க முடியாது.

ஃபார்ம் 67-ஐ எப்போது, எப்படித் தாக்கல் செய்வது?

இ-ஃபைலிங் தளத்தில் வருமான வரிப் படிவங்கள் பகுதியில் ஃபார்ம் 67-ஐத் தேர்ந்தெடுத்து, மதிப்பீட்டு ஆண்டைக் குறித்து, நாடு, வருமான வகை, வருமானத் தொகை, அங்கே கட்டிய வரியும் விகிதமும், அதே வருமானத்துக்கு இங்கே வரும் வரி, கோரும் கழிவு என்று வரிசையாக நிரப்பவேண்டும். வரி கட்டியதற்கான ஆதாரத்தை இணைத்து, ஆதார் ஓடிபி போன்ற வழியில் சரிபார்க்கவேண்டும். ஆதாரம் என்பது அந்நாட்டு வரித்துறையின் சான்றாகவோ பிடித்தம் செய்தவரின் சான்றாகவோ இருக்கலாம். அவை இல்லையென்றால் நீங்கள் கையெழுத்திட்ட அறிக்கையோடு பிடித்தம் செய்ததற்கான தாள்களை இணைக்கலாம். ஜனவரி–மார்ச் டிவிடெண்டுக்கு இந்த மூன்றாவது வழிதான் உதவுகிறது.

2022-இல் செய்த திருத்தத்துக்குப் பிறகு, ரிட்டர்னை உரிய காலத்திலோ தாமத ரிட்டர்னாகவோ போட்டிருந்தால், மதிப்பீட்டு ஆண்டின் கடைசி நாள் வரை ஃபார்ம் 67-ஐத் தரலாம். 2024-25 நிதியாண்டுக்கு அது 2026 மார்ச் 31. இருந்தாலும் எங்கள் பரிந்துரை: ரிட்டர்னுக்கு முன்பே ஃபார்ம் 67-ஐப் போட்டுவிடுங்கள். வருமான வரித்துறையின் பெங்களூரு மையம் ரிட்டர்னைப் பரிசீலிக்கும் நேரத்தில் படிவம் இல்லையென்றால் கழிவை நீக்கிவிட்டு வரி கேட்டு அறிவிப்பு வரும், பிறகு திருத்தக் கோரிக்கை என்று மாதக்கணக்கில் இழுக்கும். ஃபார்ம் 67-இல் உள்ள தொகையும் ஷெட்யூல் டிஆர்-இல் உள்ள தொகையும் ரூபாய் வரை ஒத்திருக்கட்டும்.

ஆறு மாதம் அமெரிக்காவில் வேலை பார்த்தேன். அது இரண்டு இந்திய நிதியாண்டுகளில் விழுகிறது. வரிக் கழிவை எப்படிப் பிரிப்பது?

ஆண்டு முரண்பாட்டின் மிகக் கடினமான இடம் இதுதான், அதனால் சற்று விரிவாகவே பார்ப்போம்.

சென்னை நிறுவனம் ஒருவரை 2024 ஜனவரி முதல் ஜூன் வரை அமெரிக்காவுக்கு அனுப்பியது. 2023-24, 2024-25 இரண்டு நிதியாண்டுகளிலும் அவர் இந்தியாவில் 270 நாட்களுக்கு மேல் இருந்ததால் இரண்டிலும் ரெசிடென்ட். அமெரிக்கச் சம்பளம் 60,000 டாலர், மாதம் 10,000. அமெரிக்க ரிட்டர்ன்படி இறுதிக் கூட்டாட்சி வரி 9,000 டாலர்.

வருமானத்தைப் பிரிப்பது எளிது: ஜனவரி–மார்ச் 30,000 டாலர் 2023-24-க்கு, ஏப்ரல்–ஜூன் 30,000 டாலர் 2024-25-க்கு. வரிக்கு விதி 128 வழி சொல்கிறது: ஒரே வெளிநாட்டு வரி இந்தியாவில் ஒன்றுக்கு மேற்பட்ட ஆண்டுகளில் காட்டப்படும் வருமானத்துக்கானது என்றால், வருமானம் பிரியும் அதே விகிதத்தில் கழிவும் பிரியும். ஆகவே 4,500, 4,500. எந்த மாதத்தில் எவ்வளவு பிடித்தார்கள் என்பதை வைத்து அல்ல, மொத்த இறுதி வரியை வருமான விகிதத்தில் பிரிப்பது.

சிக்கல் காலத்தில் இருக்கிறது. 2023-24-க்கான இந்திய ரிட்டர்னின் கடைசி நாள் 2024 ஜூலை 31. அன்றைக்கு அமெரிக்க ஆண்டே முடிந்திருக்காது. டபிள்யூ-2 2025 ஜனவரி இறுதியில்தான் வரும், இறுதி வரி அதன்பின் போடும் ரிட்டர்னில்தான் தெரியும். ஜனவரி–மார்ச் சம்பளச் சீட்டுகளில் பிடித்தது 6,000 டாலர் என்பதற்காக அதைக் கழிவாகக் கோரிவிட்டு, பிறகு அமெரிக்கா ஒரு பகுதியைத் திருப்பித் தந்தால், கட்டாத வரிக்குக் கழிவு வாங்கியதாக ஆகிவிடும்.

நடைமுறையில் செய்யக்கூடியது இது. ஜூலையிலேயே அமெரிக்க வரியை உத்தேசமாகக் கணக்கிட்டு, அந்த உத்தேசத்தின் பங்கை மட்டும் கோருங்கள், பிடித்தத்தின் முழுத் தொகையை வேண்டாம். டபிள்யூ-2 வந்தவுடன், ஏப்ரல் 15 வரை காத்திராமல், பிப்ரவரியிலேயே அமெரிக்க ரிட்டர்னைப் போட்டுவிடுங்கள். 2024-25 மதிப்பீட்டு ஆண்டு 2025 மார்ச் 31 அன்று முடிகிறது. அதற்குள் இறுதி எண் கையில் இருக்கும், ஃபார்ம் 67-இன் கதவும் திறந்திருக்கும். கோரிய கழிவு கூடுதல் என்று தெரிந்தால் புதுப்பித்த ரிட்டர்ன் மூலம் வித்தியாசத்தைக் கட்டவேண்டும்.

நிறுவனம் இந்தியாவிலும் டிடிஎஸ் பிடித்திருந்தால் ஃபார்ம் 16-இல் அமெரிக்கச் சம்பளமும் சேர்ந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். சேர்ந்திருக்கும் தொகையை மீண்டும் தனியாகக் கூட்டி இரட்டை வருமானம் காட்டியவர்கள் உண்டு. மார்ச் 31-க்குள் தரவேண்டியதாகிவிட்ட சம்பளம், ஏப்ரல் 3 அன்று வங்கிக்கு வந்தாலும், இந்தியாவில் முந்தைய நிதியாண்டுக்குரியது. அமெரிக்காவில் டபிள்யூ-2 கையில் தந்த தேதியைப் பார்க்கும். அதனால் ஒரு சம்பளச் சீட்டு இரண்டு நாடுகளிலும் வேறு வேறு ஆண்டில் விழலாம்.

அமெரிக்க மாநில வரி, சோஷியல் செக்யூரிட்டி பிடித்தம் கழியுமா?

ஒப்பந்தத்தில் வருவது கூட்டாட்சி வருமான வரி மட்டும். சோஷியல் செக்யூரிட்டி வரி கழியாது. கலிஃபோர்னியா போன்ற மாநில வரிக்கு ஒப்பந்தத்தில் இடமில்லை. ஒப்பந்தம் இல்லாதபோது கழிவு தரும் வருமான வரிச் சட்டப் பிரிவு 91-ஐக் காட்டி வாதாடி வென்றவர்கள் உண்டு, ஆனால் அது ஆடிட்டரோடு முடிவெடுத்துச் செல்லவேண்டிய வழி.

ஷெட்யூல் எஃப்ஏ-வில் எந்தச் சொத்துகள், எந்தக் காலத்துக்கு?

2025-26 மதிப்பீட்டு ஆண்டு ரிட்டர்னில், 2024 ஜனவரி 1 முதல் டிசம்பர் 31 வரை எப்போது வைத்திருந்தாலும், ஒரே நாள் வைத்திருந்தாலும், காட்டவேண்டும். பிற நாடுகள் வங்கி, புரோக்கர் விவரங்களை இந்தியாவுக்கு அனுப்புவது நாட்காட்டி ஆண்டுப்படி. துறை அதோடு ஒப்பிட்டுப் பார்க்கிறது. 2024 நவம்பரில் பலருக்குக் குறுஞ்செய்தியும் மின்னஞ்சலும் போனது இப்படி ஒப்பிட்டதால்தான்.

குழப்பம் ஜனவரி–மார்ச் பரிவர்த்தனைகளில் வருகிறது. 2025 பிப்ரவரியில் வெஸ்ட் ஆன, அதாவது உங்கள் கைக்கு வந்த, ஆர்எஸ்யு (நிறுவனம் ஊழியருக்குத் தரும் பங்கு): அதன் மதிப்பு 2024-25 ஃபார்ம் 16-இல் சம்பளமாக இருக்கும், ஆனால் அந்த ரிட்டர்னின் எஃப்ஏ-வில் வராது, அடுத்த ஆண்டு எஃப்ஏ-வில் வரும். 2024 பிப்ரவரியில் விற்ற பங்கு: லாபத்தை 2023-24 ரிட்டர்னிலேயே காட்டியிருப்பீர்கள். ஆனாலும் விற்ற தொகையோடு அந்தப் பங்கு 2025-26 மதிப்பீட்டு ஆண்டு எஃப்ஏ-வில் வரவேண்டும். ‘அதுதான் விற்றாகிவிட்டதே’ என்று விடுபட்டுப்போவது இந்த வகைதான்.

வங்கிக் கணக்கு ஏ1 அட்டவணை, புரோக்கர் கணக்கு ஏ2, பங்குகள் ஏ3. பங்குகளை வாங்கிய அல்லது வெஸ்ட் ஆன தேதிவாரியாகத் தனித்தனி வரிசையில் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் தொடக்க மதிப்பு, ஆண்டின் உச்ச மதிப்பு, டிசம்பர் 31 மதிப்பு, கிடைத்த டிவிடெண்ட், விற்ற தொகை வேண்டும். இங்கே மாதக் கடைசி விலை இல்லை. வாங்கிய நாள், உச்ச நாள், முடிவு நாள் ஒவ்வொன்றுக்கும் அந்தந்த நாளின் டிடி பையிங் விலை. உச்ச மதிப்பைப் புரோக்கர் அறிக்கை பெரும்பாலும் தராது. பங்கின் ஆண்டு விலைப்பட்டியலை இறக்கிப் பார்க்கவேண்டியிருக்கும்.

வெளிநாட்டுச் சொத்து உள்ள ஆர்ஓஆர், வருமானம் வரி வரம்புக்குக் கீழே இருந்தாலும் ரிட்டர்ன் போட்டே ஆகவேண்டும். அதுவும் ஐடிஆர்-1 அல்ல, ஐடிஆர்-2 அல்லது 3. காட்டாமல் விட்டால் 2015-ஆம் ஆண்டுக் கறுப்புப் பணச் சட்டப்படி ஆண்டுக்குப் பத்து லட்சம் ரூபாய் அபராதம் விதிக்க முடியும். 2024 அக்டோபர் 1 முதல், அசையாச் சொத்து நீங்கலாக மொத்தம் 20 லட்சத்துக்கு மேற்படாத சொத்துகளுக்கு அந்த அபராதம் இல்லை. காட்டவேண்டிய கடமை அப்படியேதான் இருக்கிறது.

பங்கு விற்ற லாபம்?

விற்ற தேதி எந்த நிதியாண்டோ அந்த ஆண்டு. வெளிநாட்டுப் பங்கு 24 மாதத்துக்கு மேல் கையிலிருந்தால் நீண்டகாலம். 2024 ஜூலை 23 முதல் 12.5 சதவீதம், இண்டெக்ஸேஷன் (விலைவாசி உயர்வுக்கேற்பக் கொள்விலையைக் கூட்டுவது) இல்லை. அதற்குக் குறைவென்றால் உங்கள் வரம்பு விகிதம். ஆர்எஸ்யு-வின் கொள்விலை, சம்பளத்தில் வரி போட எடுத்துக்கொண்ட மதிப்பு. அதைப் பூஜ்யம் என்று போட்டு ஒரே தொகைக்கு இரண்டுமுறை வரி கட்டியவர்கள் நிறைய. கொள்விலையை வாங்கிய காலத்து டாலர் விலையில் மாற்றுவதா, லாபத்தை டாலரில் கண்டு மொத்தமாக மாற்றுவதா என்பதில் இரண்டு வழக்கங்கள் உள்ளன. ஒன்றைத் தேர்ந்து எல்லா ஆண்டும் அதையே பின்பற்றுங்கள். அமெரிக்கா பொதுவாக இந்தியவாசியின் பங்கு லாபத்துக்கு வரி பிடிப்பதில்லை, அதனால் இதில் கழிவுப் பேச்சே எழாது.

முன்கூட்டிய வரி கட்டவேண்டுமா?

டிடிஎஸ்-உம் வெளிநாட்டு வரிக் கழிவும் போக ரூ.10,000 அல்லது அதற்கு மேல் வரி நின்றால் கட்டவேண்டும். ஜூன் 15-க்குள் 15 சதவீதம், செப்டம்பர் 15-க்குள் 45, டிசம்பர் 15-க்குள் 75, மார்ச் 15-க்குள் முழுவதும். தவணைத் தேதிக்குப் பிறகு வந்த டிவிடெண்டுக்கும் லாபத்துக்கும் அடுத்த தவணையில் சேர்த்துக் கட்டினால் பிரிவு 234சி வட்டி இல்லை. தொழில் வருமானம் இல்லாத 60 வயது நிறைந்த ரெசிடென்டுக்கு இந்தக் கடமையே இல்லை. அமெரிக்கச் சான்று ஜனவரிக்குப் பிறகு வரும் என்று காத்திருந்து மார்ச் 15-ஐத் தவறவிடுவது வழக்கமாக நடக்கிறது.

நான் அமெரிக்கக் குடிமகன், கோயம்புத்தூரில் வேலை. எனக்குத் தலைகீழாக, ஏப்ரல்–மார்ச் தாள்களை வைத்து ஜனவரி–டிசம்பர் ரிட்டர்ன் போடவேண்டியிருக்கிறது.

கிரீன் கார்டு வைத்திருப்பவர்களுக்கும் இதே நிலை. நல்ல செய்தி: ஃபார்ம் 16-இன் ஏ பகுதி காலாண்டு வாரியாகச் சம்பளத்தையும் டிடிஎஸ்-ஐயும் காட்டுகிறது. 2023-24 ஃபார்ம் 16-இன் நான்காம் காலாண்டு, 2024-25 ஃபார்ம் 16-இன் முதல் மூன்று காலாண்டுகள், இந்த நான்கையும் கூட்டினால் 2024 நாட்காட்டி ஆண்டு கிடைத்துவிடும். வங்கி வட்டிக்கு 26ஏஎஸ் என்ற வரிப் பிடித்தப் பட்டியலில் தேதிகள் இருக்கின்றன.

இந்தியாவில் கட்டிய வரியை ஃபார்ம் 1116-இல் கழிக்கும்போது ‘கட்டிய’ அடிப்படை, ‘சேர்ந்த’ அடிப்படை என்று இரண்டு வழி. கட்டிய அடிப்படையில், அந்த நாட்காட்டி ஆண்டில் பிடித்த டிடிஎஸ்-உம், ஜூலையில் கட்டிய சுய மதிப்பீட்டு வரியும். சேர்ந்த அடிப்படையில், 2024 ஏப்ரல்–2025 மார்ச் ஆண்டுக்கான இந்திய வரி முழுவதும் அந்த ஆண்டு முடியும் 2025-க்குரியது, ஒன்பது மாத வருமானம் 2024-ஐச் சேர்ந்தது என்றாலும். இந்த வழியை ஒருமுறை எடுத்தால் பிறகு எல்லா ஆண்டும் அதிலேயே போகவேண்டும், அவசரப்பட்டுக் குறியிடாதீர்கள். மிஞ்சும் கழிவை முந்தைய ஓராண்டுக்கும் அடுத்த பத்தாண்டுகளுக்கும் கொண்டுபோகலாம் என்பதால் ஆண்டு முரண்பாட்டின் அடி ஓரளவு குறைகிறது. முதல் ஆண்டு மட்டும் வலிக்கும்.

வெளிநாட்டில் வாழ்பவருக்கு ஏப்ரல் 15 தானாகவே ஜூன் 15 ஆகிறது. கேட்டால் அக்டோபர் 15 வரை. ஏப்ரல் 15-க்குப் பிறகு கட்டும் வரிக்கு வட்டி உண்டு. இந்திய வங்கிக் கணக்குகளின் கூட்டுத்தொகை ஆண்டில் எப்போதாவது 10,000 டாலரைத் தாண்டினால் எஃப்பார் எனப்படும் வெளிநாட்டு வங்கிக் கணக்கு அறிக்கையைத் தனியாகத் தாக்கல் செய்யவேண்டும்.

அமெரிக்க ரிட்டர்னையே ஏப்ரல்–மார்ச் ஆண்டுக்கு மாற்றிக்கொள்ளலாமா?

சட்டம் அதை மறுக்கவில்லை. கணக்குப் புத்தகங்கள் முறையாக வைத்திருக்கும் தனிநபர் தன் முதல் ரிட்டர்னிலேயே, டிசம்பர் அல்லாத ஏதேனும் ஒரு மாதக் கடைசியில் முடியும் நிதியாண்டை ஏற்கலாம். ரிட்டர்ன் அந்த ஆண்டு முடிந்த நான்காம் மாதம் 15-ஆம் தேதி. மார்ச் 31-இல் முடிந்தால் ஜூலை 15. ஏற்கெனவே நாட்காட்டி ஆண்டில் இருப்பவர் ஃபார்ம் 1128 போட்டு அனுமதி வாங்கவேண்டும், இடைப்பட்ட குறுகிய காலத்துக்குத் தனி ரிட்டர்ன் போடவேண்டும்.

சம்பளக்காரருக்கு இதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. புத்தகம் வைக்காதவருக்கு நாட்காட்டி ஆண்டுதான் என்று சட்டமே சொல்கிறது. சம்பளச் சீட்டுகளின் கோப்பு கணக்குப் புத்தகம் ஆகாது. பிடித்தத்திலும் ஒரு முடிச்சு இருக்கிறது: ஒரு நாட்காட்டி ஆண்டில் சம்பளத்தில் பிடித்த வரி, அந்த நாட்காட்டி ஆண்டுக்குள் தொடங்கும் வரி ஆண்டுக்கே கழியும். 2025 ஜனவரி–மார்ச் சம்பளம் 2024 ஏப்ரலில் தொடங்கிய ஆண்டில் வரும், அதில் பிடித்த வரியோ 2025 ஏப்ரலில் தொடங்கும் ஆண்டுக்குப் போய்விடும். நிதியாண்டு ரிட்டர்னை மின்வழியில் ஏற்பதும் இல்லை, தாளில் அனுப்பவேண்டும். நிதியாண்டிலிருந்து நாட்காட்டி ஆண்டுக்குத் திரும்பும் தனிநபருக்குத் தானாகவே அனுமதி கிடைக்க வழி இருக்கிறது. எதிர்த்திசையில் அப்படி எளிய வழி இல்லை.

பிரிட்டன், சிங்கப்பூர், ஆஸ்திரேலியா?

பிரிட்டனின் ஆண்டு ஏப்ரல் 6 முதல் ஏப்ரல் 5 வரை. இந்திய ஆண்டோடு ஐந்து நாள்தான் வித்தியாசம். மாதச் சம்பளக்காரருக்கு, ஆண்டுச் சம்பளச் சான்றான பி60 பெரும்பாலும் ஒத்துப்போகும், ஏப்ரல் முதல் வாரத்தில் வட்டியோ டிவிடெண்டோ வந்திருந்தால் மட்டும் பாருங்கள். ஆஸ்திரேலியா ஜூலை–ஜூன், மூன்று மாதம் நழுவும், அங்கும் விகிதப் பிரிப்புத்தான். சிங்கப்பூர் நாட்காட்டி ஆண்டு. அங்கே மாதாமாதம் சம்பளத்தில் வருமான வரி பிடிப்பதில்லை, அடுத்த ஆண்டு மதிப்பீட்டு அறிவிப்பு வந்தபின் கட்டுகிறார்கள். ஆனால் வேலையை விட்டுப் புறப்படும் வெளிநாட்டவருக்கு முதலாளி ஐஆர்21 படிவம் போட்டு வரியை முடிக்கவேண்டும், அதனால் திரும்பி வருகிறவர் கையில் இறுதி எண் சீக்கிரமே இருக்கும். இலங்கையும் ஏப்ரல்–மார்ச் என்பதால் அங்கிருந்து வரும் வருமானத்தில் இந்தப் பிரிப்பு வேலையே இல்லை.

பழைய ரிட்டர்னில் 1042-எஸ் தொகையை அப்படியே போட்டுவிட்டேன். என்ன செய்வது?

திருத்துவதற்கான கடைசி நாள் தாண்டவில்லை என்றால் திருத்திய ரிட்டர்ன். ஃபார்ம் 67-ஐயும் அதே எண்களோடு மீண்டும் போடுங்கள். அந்தக் காலம் போய்விட்டால், கூடுதல் வரி வரும் நிலையில் புதுப்பித்த ரிட்டர்ன்: மதிப்பீட்டு ஆண்டு முடிந்து 12 மாதத்துக்குள் வரிக்கும் வட்டிக்கும் மேல் 25 சதவீதம், 24 மாதத்துக்குள் 50, 36-க்குள் 60, 48-க்குள் 70. இதில் கழிவு கோருவதானால் ஃபார்ம் 67 அந்த ரிட்டர்னுக்கு முன்பே போயிருக்கவேண்டும். வருமானத்தைக் குறைக்கவோ ரீஃபண்டைக் கூட்டவோ இந்த வழி உதவாது.

சரி செய்யும்போது ஒரு ஆண்டை மட்டும் தொடாதீர்கள். 246-க்குப் பதில் 252 என்று திருத்தினால், அடுத்த ஆண்டு ரிட்டர்னில் 2025 மார்ச்சின் 66 டாலர் மீண்டும் சேர்ந்திருக்கிறதா என்று பார்க்கவேண்டும். நாட்காட்டிச் சான்றை வைத்துப் போட்ட எல்லா ஆண்டுகளையும் ஒரே தாளில், மாதவாரியாக, பக்கத்துப் பக்கத்தில் எழுதிய பிறகு எந்த ஆண்டைத் திருத்துவது என்று முடிவெடுங்கள்.